முதல் ரிமோட் வேலையை எனக்கு வாங்கித் தந்தது எழுத்து

ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும்போது, புதிதாகச் சேர்ந்தவர் திணறுவது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து “என்ன ஆயிற்று?” என்று கேட்பார், சிறிது நேரத்தில் சிக்கல் அவிழ்ந்துவிடும். ரிமோட் வேலையில் எட்டிப் பார்க்க ஆளில்லை. புதியவர் தானாகச் சொன்னால்தான் உண்டு. சொல்லாவிட்டால், அவர் திணறுகிறார் என்பதே யாருக்கும் தெரியாது. அனுபவமில்லாத ஃப்ரண்ட் எண்ட் டெவலப்பரை (இணையப் பக்கங்களில் பயனர் பார்த்துத் தொடும் பகுதியை எழுதுபவரை) ரிமோட் வேலைக்கு எடுக்க நிறுவனங்கள் தயங்குவதற்கு முதல் காரணம் இதுதான். என்னை எடுத்த குழுத் தலைவர் பிற்பாடு இதை வெளிப்படையாகவே சொன்னார்: “தெரியாததைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். எங்கேயோ மாட்டிக்கொண்டு இரண்டு நாள் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என் பயம்.”

நான் வேலை தேடிய காலத்தில் இதை எனக்கு எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. இன்னொரு ஃப்ரேம்வொர்க் (தளங்கள் கட்ட உதவும் ஆயத்த நிரல் தொகுப்பு) கற்றுக்கொள், இன்னொரு சான்றிதழ் வாங்கு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எடுப்பவரின் பயம் இன்னதென்று தெரிந்திருந்தால், தேடுபவர் தன் உழைப்பை எங்கே செலவிடுவது என்பது தானாகவே விளங்கிவிடும். நான் கண்டவற்றை எழுதி வைக்கிறேன். தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்காவது அலைச்சல் குறைந்தால் போதும்.

முதலில் விளம்பரங்களைப் பற்றி. ‘ரிமோட்’ என்று போட்டுவிட்டால் உலகின் எந்த மூலையிலிருந்தும் விண்ணப்பிக்கலாம் என்று பொருளில்லை. ஒரு நாட்டில் ஒருவரை ஊழியராக அமர்த்தினால் அந்த நாட்டின் வரிச் சட்டத்துக்கும் தொழிலாளர் சட்டத்துக்கும் நிறுவனம் கட்டுப்பட வேண்டும். அதனால் பல நிறுவனங்கள் தங்களுக்குப் பதிவு இருக்கும் நாடுகளில் வசிப்பவர்களை மட்டுமே எடுக்கின்றன. சில, அந்தப் பொறுப்பை ஏற்கும் வேறொரு நிறுவனம் வழியாகவோ, நேரடியாக ஒப்பந்த அடிப்படையிலோ எடுக்கின்றன. நாளில் நான்கு மணி நேரமாவது தங்கள் வேலை நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று கேட்பவையும் உண்டு. இந்த நிபந்தனைகள் பெரும்பாலும் விளம்பரத்தின் அடியில் ஒரே வரியில் இருக்கும். தொழில்நுட்பப் பட்டியலைப் படிப்பதற்கு முன் நான் நேராக அந்த வரிக்குப் போய்விடுவேன். நாடு பொருந்தவில்லை என்றால் எவ்வளவு அழகாக விண்ணப்பம் எழுதினாலும் பயனில்லை.

அதே விளம்பரத்தில் ‘இரண்டு ஆண்டு அனுபவம்’ என்று இருந்தால் அதற்காகப் பின்வாங்க வேண்டியதில்லை. அது பல நேரங்களில் ஆசைப் பட்டியல். ஆனால் ‘தனியாகப் பொறுப்பேற்று ஒரு பகுதியை நடத்த வேண்டும்’ என்று இருந்தால், அங்கே சொல்லிக் கொடுக்க ஆளில்லை என்று அர்த்தம். தொடக்கநிலையில் இருப்பவர் அந்த இடத்துக்குப் போகாமலிருப்பதே நல்லது. வி வொர்க் ரிமோட்லி போன்ற ரிமோட் வேலை விளம்பரத் தளங்களை நானும் பார்த்தேன். எனக்கு அவற்றைவிடப் பிடித்தது, தொழில்நுட்பக்காரர்கள் பேசிக்கொள்ளும் ஹேக்கர் நியூஸ் தளத்தில் மாதத் தொடக்கத்தில் வரும் ஆள் எடுப்பு உரையாடல் இழை. ஆள் தேடித் தரும் இடைத்தரகர்களுக்கு அங்கே இடமில்லை. எடுக்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே எழுத வேண்டும். வேலையைச் செய்கிறவரே தன் வேலையை நான்கு வரியில் சொல்லும்போது, நமக்கும் அவருக்கே பதில் எழுதுவது போன்ற நெருக்கம் வந்துவிடுகிறது.

இனி போர்ட்ஃபோலியோ, அதாவது நாம் செய்தவற்றைக் காட்டும் பக்கம். தொடக்கநிலை டெவலப்பர்களின் பக்கங்களைத் திறந்தால் பெரும்பாலும் அதே மூன்று பொருள்கள் இருக்கும்: செய்ய வேண்டியவை பட்டியல், வானிலை காட்டும் பக்கம், ஏதோ ஒரு பிரபலத் தளத்தின் நகல். அவற்றில் குறை எதுவும் இல்லை. ஆனால் பயிற்சி வீடியோவைப் பார்த்து வரிக்கு வரி எழுதியதா, சொந்தமாக யோசித்துச் செய்ததா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது இப்படிப்பட்ட பக்கங்களைச் சில நிமிடங்களில் எழுதித் தந்துவிடுவதால், நிரல் இருக்கிறது என்பதே சான்றாக எடுபடுவதில்லை. ஏன் இப்படி எழுதினீர்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிவதுதான் சான்று.

நான் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன்: பல படிகள் கொண்ட ஒரு முன்பதிவுப் படிவம். பார்க்கச் சாதாரணமானது. அதை மவுஸைத் தொடாமல், டேப் விசையை மட்டும் வைத்துக்கொண்டு கடைசிவரை நிரப்ப முடிய வேண்டும் என்று முடிவு செய்தேன். அங்கேதான் ஃப்ரண்ட் எண்ட் வேலையின் ஆழம் எனக்குத் தெரிந்தது. ஒரு டிவ் உறுப்பில் (பக்கத்தில் வெறும் பெட்டி போன்ற ஒன்றில்) கிளிக் நிகழ்வைப் பொருத்தி, அதைப் பொத்தான் போல அலங்கரித்துவிடலாம். ஆனால் டேப் விசை அதில் நிற்காது. நிற்க வைத்தாலும் என்டரும் ஸ்பேஸும் வேலை செய்யாது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் பொத்தான் என்று அறிவிக்காது. இணையப் பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லின் பட்டன் உறுப்பைப் போட்டால் இவை அத்தனையும் கேட்காமலே கிடைக்கின்றன. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. அதை ஓடவிட்டு, திரையை அணைத்துவிட்டு, என் படிவத்தை நானே நிரப்பிப் பார்த்தேன். உள்ளீட்டுப் பெட்டிக்குள் மங்கலாக எழுதியிருக்கும் குறிப்பு, பெட்டியின் பெயரைச் சொல்லும் லேபிளுக்கு ஒருநாளும் ஈடாகாது என்பது அன்று காதால் கேட்டுப் புரிந்தது.

பிழைச் செய்திகளில் இன்னும் கவனம் தேவைப்பட்டது. தவறான மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினால், பெட்டியின் ஓரம் சிவப்பாக மாறினால் மட்டும் போதாது. நிறம் பிரித்தறிய முடியாதவருக்கு அது ஒன்றும் சொல்லாது. என்ன தவறு என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும். அந்தச் செய்தியை உள்ளீட்டுப் பெட்டியோடு இணைக்க வேண்டும். முதல் தவறு இருக்கும் பெட்டிக்குக் கர்சரைக் கொண்டுபோக வேண்டும். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளங்களை அமைக்க வழிகாட்டும் வலை உள்ளடக்க அணுகல் நெறிகளின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வெளியானது. அதன் மூன்று நிலைகளில் நடுவிலுள்ள ‘ஏஏ’ நிலைப்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே நிற வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும், அழுத்த வேண்டிய இடங்கள், சில விதிவிலக்குகள் போக, 24-க்கு 24 பிக்ஸலாவது இருக்க வேண்டும். இவற்றைப் படித்து, என் படிவத்தில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். படங்களுக்கு அகலமும் உயரமும் முன்கூட்டியே கொடுத்துவிட்டால், படம் வந்து சேரும்போது கீழே உள்ள எழுத்துகள் குதிப்பதில்லை. அந்தக் குதிப்பை அளக்க கூகுள் வைத்திருக்கும் அளவையில் 0.1-க்குள் இருந்தால் நல்லது என்று கணக்கு. முதன்மை உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் திரைக்கு வந்துவிட வேண்டும். பக்கத்தைத் தானாகச் சோதித்து மதிப்பெண் போடும் லைட்ஹவுஸ் கருவி இவற்றைச் சொல்லிவிடும். ஆனால் அது நூற்றுக்கு நூறு போட்டாலும் கீபோர்டை எடுத்துக் கையால் சோதிப்பதை விட்டுவிடக் கூடாது. தானியங்கிச் சோதனையின் கண்ணுக்குத் தப்பும் குறைகள் நிறைய.

படிவத்தை முடித்த பிறகு செய்த வேலைதான் எனக்கு வேலை வாங்கித் தந்தது என்று உறுதியாக நம்புகிறேன். நிரலோடு வைக்கும் விளக்கக் கோப்பான ரீட்மீயில் ‘எப்படி நிறுவுவது’ என்பதோடு நிறுத்தாமல், எடுத்த முடிவுகளையும் அவற்றின் காரணங்களையும் எழுதினேன். தேதியைத் தேர்ந்தெடுக்கத் தனி லைப்ரரி (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்) ஏன் சேர்க்கவில்லை, பிரவுசரிலேயே இருக்கும் தேதி உள்ளீட்டால் என்ன லாபம், என்ன நஷ்டம், இரண்டாம் படியிலிருந்து பின்னால் போனால் நிரப்பிய விவரம் ஏன் அழியாது, இன்னும் தீராமல் இருக்கும் குறை எது. இப்படி ஒரு பக்க அளவுக்கு. நேர்காணலில் கேட்கப்பட்ட கேள்விகளில் பெரும்பகுதி அந்தக் கோப்பிலிருந்தே வந்தது. நானே எழுதி வைத்த பதில்கள் என்பதால் தடுமாற வேண்டியிருக்கவில்லை.

ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு பற்றி, அதாவது நிரலை எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கும் திட்டங்களில் கைகொடுப்பது பற்றி, எல்லாரும் சொல்வார்கள். ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ (புதியவருக்கு ஏற்ற முதல் வேலை) என்று அடையாளமிட்ட வேலைகளைத் தேடிப் போனால், பிரபலமான திட்டங்களில் ஏற்கெனவே பலர் கை வைத்திருப்பார்கள். ‘இதை எனக்குத் தாருங்கள்’ என்று வரிசையாகக் கருத்துகள் கிடக்கும். அங்கே முண்டியடிப்பதைவிட, நாம் அன்றாடம் பயன்படுத்தும் சின்ன லைப்ரரி ஒன்றில் நமக்கே இடறிய குறையை எடுத்துக்கொள்வது மேல். அந்தக் குறையை நாம் உண்மையாகவே அறிந்திருப்போம். எழுதும்போது அது தெரியும்.

எனக்கு இடறியது இது. படிவத்தில், அப்படி ஒரு லைப்ரரியிலிருந்து எடுத்த ஓர் உரையாடல் பெட்டி. அதற்குள் ஒரு தேர்வுப் பட்டியல். பட்டியல் விரிந்திருக்கும்போது எஸ்கேப் விசையை அழுத்தினால் பட்டியல் மட்டும் மூட வேண்டும். ஆனால் உரையாடல் பெட்டியும் சேர்ந்து மூடிக்கொண்டது, நிரப்பியதெல்லாம் போயிற்று. காரணத்தைத் தேடினால், விசை நிகழ்வு பட்டியலோடு நிற்காமல் மேலே உள்ள உறுப்புகளுக்கும் பரவுகிறது, பெட்டியும் அதைக் கேட்டுவிட்டுத் தன்னை மூடிக்கொள்கிறது. திருத்தம் இரண்டொரு வரிதான். ஆனால் புல் ரிக்வெஸ்ட்டின் (திருத்தத்தை ஏற்கக் கேட்டு அனுப்பும் கோரிக்கையின்) விளக்கத்தை எழுத, திருத்தத்தைவிடப் பல மடங்கு நேரம் எடுத்துக்கொண்டேன். குறையை மீண்டும் வரவழைக்கும் மிகச் சிறிய உதாரணம், படிப்படியாக என்ன செய்ய வேண்டும், என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கிறது, எந்தெந்தப் பிரவுசரில் பார்த்தேன், காரணம் என்ன, வேறு எந்த வழியில் திருத்தியிருக்கலாம், ஏன் இதைத் தேர்ந்தெடுத்தேன். கடைசியில் ஒரு கேள்வி: “இப்போதைய நடத்தையை நம்பி யாராவது எழுதியிருந்தால் இந்தத் திருத்தம் அவர்களைப் பாதிக்குமா?” பல வாரங்கள் பதிலே இல்லை. பிறகு பராமரிப்பாளர் ஒருவர் வந்து, அந்தக் கேள்விக்கே முதலில் பதில் சொன்னார், ஒரு சோதனையைச் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன், ஏற்றுக்கொண்டார். பிற்பாடு நான் அனுப்பிய விண்ணப்பங்களில் எல்லாம் முதல் வரியில் அந்த இணைப்பே இருந்தது. முன்பின் தெரியாதவரோடு எழுத்தில் பேசி ஒரு வேலையை முடித்தேன் என்பதற்கு அதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

ரிமோட் குழுக்கள் எப்படி எழுதிக்கொள்கின்றன என்று பார்க்க விரும்புகிறவர்கள் கிட்லேப் நிறுவனத்தின் கையேட்டைப் படிக்கலாம். ஊழியர் அனைவரும் ரிமோட்டில் இருக்கும் நிறுவனம் அது. தங்கள் வேலை முறையை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். முழுவதும் படிக்க வேண்டாம், அது மிக நீளம். கூட்டம் போடாமல் எழுத்திலேயே முடிவெடுப்பது பற்றிய பகுதிகள் போதும்.

சிக்கலில் மாட்டும்போது உதவி கேட்டு எழுதுவதும் ஒரு திறமை. வேலை கிடைக்கும் முன்பே பழகிக்கொள்ளலாம். ‘இது வேலை செய்யவில்லை, உதவுங்கள்’ என்று எழுதினால், பதில் சொல்ல வருபவர் நாலு கேள்வி கேட்க வேண்டியிருக்கும். அவர் வேறு நேர மண்டலத்தில் இருந்தால் கேள்விக்கு ஒரு நாள் வீதம் கழிந்துவிடும். நான் எழுதும் முறை இப்படி: “முன்பதிவுப் பக்கத்தில் இரண்டாம் படிக்குப் போனதும் தேதி காலியாகிவிடுகிறது. முதல் படியிலிருந்து வரும்போது மட்டும்தான். நேரடியாகத் திறந்தால் சரியாக இருக்கிறது. பக்கத்தின் அந்தக் கூறு மீண்டும் உருவாவதால் மதிப்பு போய்விடுகிறது என்று நினைக்கிறேன். மதிப்பை மேலே உள்ள கூறுக்கு நகர்த்திப் பார்த்தேன், தேதி நின்றது, ஆனால் சரிபார்ப்பு உடைந்தது. இன்று மாலைவரை சரிபார்ப்பைப் பார்க்கிறேன். நீங்கள் பார்க்கும்வரை பொத்தான் திருத்தத்தைத் தொடர்கிறேன்.” படிப்பவர் ஒரே பதிலில் வழி சொல்லிவிடலாம். அவர் தூங்கி எழும்வரை நம் வேலையும் நிற்காது. நான் விண்ணப்பித்த இடத்தில் கொடுத்த சோதனைப் பணியின்போது இப்படி ஒரு செய்தி அனுப்பினேன். மற்றவர்கள் யாரும் கேள்வியே கேட்காமல் வேலையை முடித்து அனுப்பினார்கள் என்று பின்னால் தெரிந்தது. கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சம் நம்மில் பலருக்கு இருக்கிறது. ரிமோட் வேலையில் அந்த அச்சத்தை முதலில் விட வேண்டும்.

இந்த ரிமோட் வேலைக்கு முன்பே எனக்குக் கிடைத்த முதல் சம்பளம் விளம்பரத்தின் வழியாக வந்ததில்லை. ஒரு சிறு அமைப்பின் தளத்தில் பதிவு செய்யப் போனபோது, கைபேசியில் படிவத்தை அனுப்பினால் எதுவுமே நடக்காதது போல் இருந்தது. உண்மையில் பிழைச் செய்தி பக்கத்தின் உச்சியில் வந்திருந்தது. கீழே பொத்தானுக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரிய வழியில்லை. அரை நிமிடத் திரைப்பதிவு ஒன்றை எடுத்து, என்ன நடக்கிறது, யாருக்கு நடக்கும், எப்படிச் சரிசெய்யலாம் என்று சுருக்கமாக எழுதி அனுப்பினேன். வேலை கொடுங்கள் என்று கேட்கவில்லை; செய்து தர முடியும் என்று கடைசி வரியில் மட்டும் சொன்னேன். அவர்கள் செய்யச் சொன்னார்கள். தொகை சிறியதுதான். ஆனால் ‘அனுபவம்’ என்ற தலைப்பின்கீழ் எழுத ஒரு வரி கிடைத்தது, நான் சொன்ன நாளில் முடித்தேன் என்று சாட்சி சொல்ல ஒருவர் கிடைத்தார். இப்படி எழுதும் கடிதங்கள் பலவற்றுக்குப் பதில் வராது. வந்தவை, பொத்தாம்பொதுவாக நூறு பேருக்கு ஒரே விண்ணப்பத்தை அனுப்புவதைவிட எத்தனையோ மேல்.

சோதனைப் பணிகளில் ஓர் எல்லை வைத்துக்கொள்வது நல்லது. சில மணி நேரத்தில் முடியக்கூடிய, கற்பனையான ஒரு பணி என்றால் செய்யலாம். ஒரு நிறுவனம் தன் உண்மையான தளத்தின் ஒரு பக்கத்தை முழுவதுமாகச் செய்து தரச் சொன்னது; ஊதியம் உண்டா என்று கேட்டேன்; அதன்பின் பதில் இல்லை. இப்படிக் கேட்பதில் தவறே இல்லை. நேரலையில் நிரல் எழுதச் சொல்லும் நேர்காணல் என்றால், மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். அங்கேயும் அவர்கள் பார்ப்பது, நீங்கள் மௌனமாகிவிடுவீர்களா என்பதைத்தான்.

மோசடிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் அவை குறிவைப்பதே வேலை தேடி ஏங்கும் புதியவர்களைத்தான். கருவி வாங்க, பயிற்சிக்கு, பதிவுக்கு என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கிருந்து விலகிவிடுங்கள். வீடியோ அழைப்பே இல்லாமல், அரட்டைச் செயலியிலேயே நேர்காணலை முடித்து உடனே வேலை தருகிறோம் என்றாலும் அப்படியே. டெவலப்பர்களுக்கென்றே ஒரு வலை உண்டு: சோதனைப் பணி என்று ஒரு ரெப்போவைக் (நிரல் கோப்புகளின் களஞ்சியத்தைக்) கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்வார்கள், அதற்குள் தீங்கு நிரல் ஒளிந்திருக்கும். தேவையான நிரல் தொகுப்புகளை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டால் கட்டளை கொடுத்தாலே, தொகுப்பில் எழுதியிருக்கும் சில ஸ்கிரிப்ட்கள் தாமாகவே ஓடிவிடலாம். தெரியாதவர் கொடுத்த நிரலை முதலில் படியுங்கள், பேக்கேஜ் டாட் ஜேசன் கோப்பில் உள்ள ஸ்கிரிப்ட் பகுதியைப் பாருங்கள், கடவுச்சொற்களும் பணக் கணக்குகளும் இருக்கும் சொந்தக் கணினியில் ஓட்டாதீர்கள்.

இன்னொன்றையும் மனதாரச் சொல்ல வேண்டும். அருகிலேயே பொறுமையாகச் சொல்லித்தரும் மூத்தவர் இருக்கும் ஓர் அலுவலக வேலை கிடைத்தால், ரிமோட்தான் வேண்டும் என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். அடுத்தவர் திரையைப் பார்த்துக் கற்பதற்கு ஈடு கிடையாது. உடல்நிலை, வீட்டுப் பொறுப்பு, இருக்கும் இடம் என்று எனக்கு இருந்ததைப் போன்ற காரணங்கள் இருப்பவர்களுக்கு ரிமோட்டே வழி. அவர்களுக்காகவே இவ்வளவும் எழுதினேன். ஒப்பந்த அடிப்படையில் சேர்ந்தால் வரியை நீங்களே கட்ட வேண்டியிருக்கும், விடுப்புக்குச் சம்பளம் இருக்காது, நோய்க்காலத்துக்குத் தனியே சேமிக்க வேண்டும். எத்தனை நாளுக்குள் பணம் வரும், எந்த நாணயத்தில் வரும், எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம், முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு என்பவற்றைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சேர்ந்த முதல் வாரத்தில் எனக்கு உதவியது ஒரு சின்ன வேலை. புதியவர் தன் கணினியில் திட்டத்தை ஓடவைக்க எல்லா நிறுவனங்களிலும் ஒரு குறிப்பு இருக்கும். அது பெரும்பாலும் பழையதாகவே இருக்கும், ஏனென்றால் பழையவர்கள் அதைத் திறப்பதில்லை. நான் நிறுவும்போது இடறிய ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொண்டேன். நிரலை ஓட்டும் நோட் மென்பொருளின் எந்தப் பதிப்பு தேவை என்று அதில் இல்லை. ஒரு சூழல் மாறியின் (நிரலுக்கு வெளியே கொடுத்து வைக்கும் அமைப்பின்) பெயர் மாறியிருந்தது. ஒரு கட்டளை வேறு கோப்புறையிலிருந்து ஓட்ட வேண்டியதாக இருந்தது. அவற்றைத் திருத்தி, முதல் புல் ரிக்வெஸ்ட்டாக அனுப்பினேன். குழுவில் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். இருவர் நன்றி சொன்னார்கள். மூன்றாமவர், ‘இதே பக்கத்தில் சோதனைகளை ஓட்டும் முறையும் பழையதுதான், சேர்ந்து திருத்தலாமா?’ என்று கேட்டார்; அன்று மாலையே அவரோடு திரையைப் பகிர்ந்துகொண்டு உட்கார்ந்தேன்.